மூக்குக்குப் போய்ச் சேராத மாத்திரை

வேலை செய்யாத சரக்கை விற்றால் மோசடி என்பார்கள். அதையே பெட்டியில் அச்சடித்து, மருந்துக்கடை அலமாரியில் வைத்து, சட்டப்படி விற்றால்? சளி மாத்திரை என்பார்கள்!

முதலில் கொஞ்சம் அறிவியல். பயந்தால் இதயம் படபடக்கிறது, கை சில்லிடுகிறது, மூச்சுக்குழாய் விரிகிறது. எல்லாம் அட்ரினலின், நார்அட்ரினலின் வேலை. ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் விரிக்கிறதே, எப்படி? சாவி ஒன்று, பூட்டுகள் வேறு. அந்தப் பூட்டுகள்தான் ஏற்பிகள். ஆல்ஃபா, பீட்டா என்று அவற்றை 1948-ல் பிரித்துச் சொன்னவர் அமெரிக்கரான ரேமண்ட் ஆல்க்விஸ்ட். (முதலில் அனுப்பிய ஆய்விதழ் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது என்பது தனிக்கதை.) அந்தப் பிரிவை வைத்துத்தான் ஜேம்ஸ் பிளாக் இதயத்தின் பீட்டா பூட்டை அடைக்கும் புரோப்ரானலாலைக் கொண்டுவந்தார், 1988-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். ஆஸ்துமாக்காரர்களின் சால்பியூட்டமால் இன்ஹேலர் திறப்பது பீட்டா-2 பூட்டை.

இப்போது மூக்குக்கு வருவோம். சளி பிடித்தால் மூக்கினுள் ரத்தக் குழாய்கள் வீங்கி வழியை அடைக்கின்றன. அங்குள்ள ஆல்ஃபா-1 ஏற்பியைத் தூண்டினால் குழாய் சுருங்கும், மூச்சு வரும். ஃபீனைலெஃப்ரின் அதைத் தூண்டும் பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆபரேஷன் நடக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கினால் ஊசியில் போடுகிறார்கள், ஏறுகிறது. கண்ணில் சொட்டுவிட்டால் கண்மணி விரிகிறது. விழுங்கினால்தான் வம்பு! குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து வழியிலேயே சிதைத்துவிடுகின்றன. 38 சதவீதம் ரத்தத்தில் சேரும் என்பது பழைய கணக்கு. பிற்பாடு நுட்பமாக அளந்தபோது, உருமாறாமல் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது.

பிறகு ஏன் விற்றார்கள்? இதற்கு மருத்துவப் புத்தகம் வேண்டாம், கணக்குப் புத்தகம் போதும். அமெரிக்காவில் முன்பு அந்த இடத்தில் இருந்தது சூடோஎஃபெட்ரின். அது வேலை செய்யும். ஆனால் அதிலிருந்து மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சினார்கள். அதனால் 2006-ல் அதைக் கவுண்டருக்குப் பின்னால் தள்ளினார்கள். வாங்க அடையாள அட்டை, கையெழுத்து எல்லாம் வேண்டும். முன்னலமாரி காலியானது. காலி அலமாரி யாருக்கு லாபம்? கம்பெனிகள் ஃபீனைலெஃப்ரினை நிரப்பின.

2007-லேயே ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எஃப்.டி.ஏ.விடம் மனு கொடுத்தார்கள். 2015-ல் மறுபடியும். 2023 செப்டம்பரில்தான் ஆலோசனைக் குழு 16-0 என்று ஒரே குரலில் சொன்னது: வாய்வழி ஃபீனைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயனில்லை. அதற்கு முந்தைய வருடம், 2022-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 180 கோடி டாலர் விற்பனை! பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று எஃப்.டி.ஏ. முன்மொழிந்ததோ 2024 நவம்பரில்.

'கெடுதல் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. கெடுதல் இல்லாத சுண்ணாம்புக்கட்டியைக் காசு கொடுத்து விழுங்குவார்களா?

நம்மூர் சளி மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால், குளோர்பெனிரமின், கூடவே ஃபீனைலெஃப்ரின் என்று பலவற்றில் இருக்கும். குளோர்பெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த எச்சரிக்கை வயதோடு நின்றுவிடுகிறது. 5 வயதுக்காரனுக்கு மூக்கு திறக்குமா என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.