ஸ்பார்ட்டனும் ஏழு ஹெலட்டும்

28 மி.மீ. பொம்மை வீரர்களுக்குப் பெயிண்ட் அடித்து மேசையில் போர் நடத்துவது நம்ம பொழுதுபோக்கு. இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பார்ட்டா படை.

எல்லோரும் '300' படம் பார்த்த கையோடு சிவப்பு மேலங்கி, பளபள வெண்கலக் கேடயம் என்று வரிசை கட்டுகிறார்கள். அழகுதான். ஆனா ஹெலட்டுகள் எங்கே சாமி?

கி.மு. 479, ப்ளாட்டீயா போர். ஹெரோடோடஸ் கணக்குப்படி ஸ்பார்ட்டன்கள் 5,000 பேர். கூடவே ஹெலட்டுகள் 35,000 பேர். ஆளுக்கு ஏழு! ஸ்பார்ட்டன் நாள் முழுக்க ஆயுதப் பயிற்சி செய்ய முடிந்ததே இந்த அடிமைகள் அவன் நிலத்தை உழுததால்தான். அவர்கள் மேலேயே வருடாவருடம் முறைப்படி போர் அறிவிப்பார்களாம், ப்ளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

"இருபது ஸ்பார்ட்டனுக்கு 140 ஹெலட்டா? பர்ஸ் தாங்காதுப்பா" என்பீர்கள். நியாயம். ஏழு வேண்டாம், அடித்தட்டுக்கு ஒருத்தனையாவது நிறுத்துங்கள். பழுப்பு அங்கி, கையில் ஒரு எறியீட்டி. பெயிண்ட் அடிக்கப் பத்து நிமிஷம். அப்படியே அந்தப் பச்சைப் புல்லையும் எடுத்துவிடுங்கள். அது கோடைக்காலப் போர். மணல், காய்ந்த வைக்கோல் நிறப் புல், ரெண்டு கல் போதும்.

வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், ஹெலட் இல்லாத ஸ்பார்ட்டா படை, பொறுப்புகளை மறைத்துச் சொத்தை மட்டும் காட்டுகிற ஐந்தொகை. அதற்குப் பெயர் வீரம் இல்லீங்க, மோசடி.

டிஸ்கி: என் அலமாரியிலும் ஹெலட் இல்லாத பன்னிரண்டு ஸ்பார்ட்டன்கள் உண்டு. திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆட்டோ அனுப்பாதீங்க :-)