உங்க லேப் ரிப்போர்ட் எத்தனை வருஷம் ரகசியமா இருக்கணும்?

கொஞ்சம் நீளமான பதிவு. குவாண்டம் கம்ப்யூட்டர் பத்தி. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா பேங்க் பணம் போயிடும்னு வீடியோக்கள் சுத்துது. என் கவலை அது இல்லை. கார்டு திருடு போனா முடக்கலாம், பாஸ்வேர்டை மாத்தலாம். எச்ஐவி ரிப்போர்ட்டை எப்படி மாத்துவீங்க? மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதை? குழந்தையின்மை சிகிச்சையில குறை யாருக்குன்னு எழுதினதை?

இன்னைக்கு இணையத்துல போற தகவலுக்குப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவியை இரண்டு கம்ப்யூட்டர்களும் முதல்ல பேசி முடிவு பண்ணணும். அந்தப் பேச்சைக் காப்பது கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், விடையை வச்சு அவற்றைக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். ஆர்எஸ்ஏ முறை இதை நம்பித்தான் இருக்கு. போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைச் சீக்கிரம் போட்டுவிடும்னு பீட்டர் ஷோர் 1994லேயே காட்டிட்டார்.

அவ்வளவு பெரிய மெஷின் இன்னும் வரலை. "வந்தப்புறம் பாத்துக்கலாமே?"

இங்கதான் சிக்கல். போற வழியிலேயே இன்னைக்குப் பிரதி எடுத்து வச்சுக்கிட்டு, மெஷின் வந்ததும் திறந்து படிக்கலாம். பிரதி எடுத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்ப திருவண்ணாமலையில பிறக்கிற பெண் குழந்தைக்கு தலசீமியா மரபணு இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் மெயில்ல போகுதுன்னு வைங்க. அவளுக்கு எந்த நோயும் வராம இருக்கலாம். ஆனா 25 வருஷம் கழிச்சு மாப்பிள்ளை வீட்டார் கையில அந்தத் தாள் கிடைச்சா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புதுப் பூட்டுகள் தயார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் மூணு தரங்களை வெளியிட்டது. சிக்னல் செயலி அதுக்கு முன்னாடியே, 2023ல், இந்த வகைப் பூட்டுக்கு மாற ஆரம்பிச்சிடுச்சு. ஆப்பிளின் ஐமெசேஜும் குரோம் பிரவுசரும் 2024ல். அதனால போன்ல "அப்டேட்" வந்தா தள்ளிப் போடாதீங்க. உங்க பங்கு பெரும்பாலும் அவ்வளவுதான்.

மெயில் கதை வேற. சிக்னல்ல இரண்டு முனையும் ஒரே நிறுவனத்தின் செயலி. மெயில்ல அனுப்புற சர்வரும் மாறணும், வாங்குற சர்வரும் மாறணும். லேப்காரர் பழைய சர்வரை வச்சிருந்தா, உங்க புது போன் அந்த இடத்துல எதையும் காப்பாத்தாது. (பிடிஎஃப்க்கு உங்க மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா வைக்கிற லேப்கள் இருக்கு. அதைத் திறக்கக் குவாண்டம் எல்லாம் எதுக்கு!)

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதல்ல முடங்கி, நாள்கணக்கில் கையால எழுதி வேலை பார்த்தாங்க. அது சாதாரணத் திருட்டு. ஆபா எண்ணில் ஆவணங்கள் அந்தந்த ஆஸ்பத்திரி, லேப் சர்வர்லயே இருக்கும், நீங்க சம்மதிச்சா ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒவ்வொரு பயணத்துக்கும் பூட்டு வேணும்.

மத்திய அரசு 2023ல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சந்தோஷம். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் வாங்கும் டெண்டரில் இதுக்கு ஒரு வரி சேர்க்கப் பத்து ரூபாய்கூட ஆகாது. ஆர்எஸ்ஏ மாதிரியான பழைய முறைகளை 2035க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாதுன்னு நிஸ்ட் வரைவே போட்டிருக்கு. நம்ம ஊர்ல ஒரு தடவை வாங்கின சாஃப்ட்வேர் எத்தனை வருஷம் ஓடும்னு டாக்டர்களுக்குத் தெரியும்.

வேங்கிக்காலில் என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது: எச்ஐவி, மரபணு, மனநல ரிப்போர்ட்களை மெயில்ல கேட்காதீங்க, அச்செடுத்து நேர்ல வாங்கிக்கோங்க. கிளினிக் வச்சிருக்கும் சக டாக்டர்களே, அடுத்த தடவை சாஃப்ட்வேர்காரர் ரெனியூவலுக்கு வரும்போது, குவாண்டம் தாங்கும் பூட்டுக்கு எப்ப மாறுவீங்கன்னு கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க.