பிரையன் போருவின் குலமுறை

கிளான்டார்ப் யுத்தம் நிகழ்ந்து ஆயிரம் ஆண்டுகள் நிறைவெய்தியதை 2014-ஆம் ஆண்டில் ஐர்லாந்து மக்கள் விமரிசையாகக் கொண்டாடினார்கள். அப்போர்க்களத்தில் உயிர்நீத்த பிரையன் போரு என்னும் வேந்தனை அவர்கள் போற்றுவது முற்றிலும் தகும். ஆயினும் அவனைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் இரண்டு செய்திகளைத் தேசாபிமானிகள் சற்று நிதானித்து ஆராய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தொன்மையான ராஜவம்சத்தில் உதித்தமையாலேயே அவன் முடிக்குரியவன் ஆனான் என்பது ஒன்று. அந்நியரான நார்ஸ்காரரை நாட்டைவிட்டுத் துரத்தினான் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சரித்திரத்தின் முன் நிற்கமாட்டா.

முதலில் குலத்தை எடுத்துக்கொள்வோம். தென்பகுதியாகிய மன்ஸ்டரின் சிங்காதனம் காஷெல் என்னும் பாறைக்கோட்டையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதற்கு உரிமை பாராட்டியவர்கள் ஓயனாக்டா என்னும் வம்சத்தார். பிரையன் பிறந்த கூட்டமோ ஷானன் நதிக்கரையில் வாழ்ந்த டேசி மக்களின் ஒரு கிளை. டேசி என்ற பெயருக்கே கப்பங் கட்டும் குடிகள் என்பது பொருள். பத்தாம் நூற்றாண்டில்தான் அக்கிளையார் டால் காஸ் என்னும் புதுப்பெயரால் ஏடுகளில் தோன்றுகின்றனர். இவர்கள் கை ஓங்கியதும் வம்சாவளிப் புலவர்களுக்கு வேலை பிறந்தது. ஓயனாக்டாவின் மூலபுருஷனான ஓயனுக்குக் கார்மக் காஸ் என்றொரு சகோதரன் இருந்தானென்றும், டால் காஸ் குலத்தார் அவன் சந்ததியாரென்றும், ஆதலின் காஷெலை இரு கிளைகளும் மாறி மாறி ஆள்வதே முறையென்றும் எழுதிவைத்தார்கள். நமது மெய்க்கீர்த்திகளைப் படித்திருப்பவர்களுக்கு இவ்வித்தை புதிதன்று. வாள் முன்னே சென்றது. வம்சாவளி பின்னே வந்தது.

அந்த வாளின் கதையையாவது யாரும் குறைத்துப் பேச இயலாது. தந்தை கென்னெடிக் 951-இல் மாண்டான். தமையன் மஹோன் காஷெலைக் கைப்பற்றி, சல்காய்ட் என்னுமிடத்தில் லிமெரிக் நார்ஸ்காரரை முறியடித்து, அவர்கள் நகரையும் சூறையாடினான். 976-இல் அவன் சத்துருக்கள் கையில் அகப்பட்டுக் கொல்லப்பட்டான். அச்சத்துருக்கள் யார்? மால்முவா முதலிய கேலியச் சிற்றரசர்களே. பிரையன் மறு ஆண்டில் லிமெரிக் அதிபன் ஐவரை ஒரு தீவிலே வெட்டி வீழ்த்தினான். 978-இல் மால்முவாவைப் போரில் மடித்தான். பின்னர் வடக்கே தாராவின் அரசன் மால் செக்னாலுடன் 997-இல் தீவைப் பாகம் செய்துகொண்டு, 1002-இல் அவனையும் பணிய வைத்தான். பல நூற்றாண்டுகளாக நேயலின் வழித்தோன்றல்களே பாராட்டி வந்த தலைமை, கப்பங் கட்டிய குடியின் பிள்ளையிடம் வந்தது. 1005-இல் ஆர்மா தேவாலயத்துப் பீடத்தில் அவன் இருபது அவுன்ஸ் பொன் வைத்து வணங்கினான். அங்குள்ள புனித ஏட்டில் அவனுடைய குருவான மால் சூஹன் அவனைக் கேலியரின் சக்கரவர்த்தி என்று லத்தீனில் பொறித்தார். அப்பட்டம் அவன் ஈட்டிய பட்டம். பாட்டன் பூட்டன் தந்ததன்று.

இனி அந்நியரைத் துரத்திய கதை. 999-இல் கிளென்மாமாவில் டப்ளின் நார்ஸ்காரரையும் லென்ஸ்டர் கேலியரையும் ஒருங்கே வென்ற பிரையன், டப்ளினைக் கொள்ளையிட்டான். ஆனால் அந்நகரை அழிக்கவில்லை, அதன் அரசன் சித்ரிக்கைத் துரத்தவுமில்லை. தன் புதல்வி ஸ்லேனியை அவனுக்கே மணஞ்செய்து கொடுத்தான். சித்ரிக்கின் தாயும் லென்ஸ்டர் அரசன் மால்மோர்டாவின் சகோதரியுமான கோர்ம்லேயைத் தான் மணந்தான். அவள் கேலிய ராஜகுமாரி; முன்னர் நார்ஸ் அரசன் ஓலாபின் மனைவி. மால் செக்னாலுக்கு எதிராகச் சென்ற பிரையனுடைய சேனையில் டப்ளின் குதிரை வீரரும் இருந்தார்கள். இக்குடும்பத்தில் சுதேசி யார், விதேசி யார் என்று கோடு கிழிக்க எவரால் ஆகும்?

1014-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, பெரிய வெள்ளிக்கிழமை. கிளான்டார்ப்பில் டப்ளின் படையோடும் ஆர்க்னித் தீவினரோடும் சேர்ந்து பிரையனை எதிர்த்தவர்கள் மால்மோர்டாவின் லென்ஸ்டர் கேலியர். பிரையன் சேனை வென்றது. எழுபது வயதைக் கடந்த கிழவேந்தனும், மகன் மர்காவும், பேரன் டர்லாவும் அன்றே மடிந்தார்கள். ஒரே நாளில் மூன்று தலைமுறை! சித்ரிக்கோ 1036 வரையில் டப்ளினை ஆண்டான். துரத்தப்பட்டதாகச் சொல்லப்படும் அந்நியன் துரத்தியவனுக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அரியணையில் அமர்ந்திருந்தான் என்றால், அக்கதையை எங்ஙனம் நம்புவது?

இக்கதை பிறந்த இடமும் தெரிந்ததே. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரையனின் கொள்ளுப்பேரன் மர்ஹர்தாக் ஆண்டபோது, கேலியருக்கும் அந்நியருக்கும் நடந்த யுத்தம் என்னும் நூல் எழுந்தது. பாட்டனின் புகழ் பேரனின் உரிமைக்குச் சான்றாக வேண்டியிருந்தது. லென்ஸ்டருடனும் வடக்குடனும் நடந்த அரசியற் போட்டி அதிலே தருமயுத்தமாக மாறிற்று. பிற்காலத்தில் அந்நிய ஆட்சியின் கீழ் நொந்திருந்த ஐரிஷ் தேசபக்தர்கள் அதனை ஆவலோடு ஏற்றதில் வியப்பில்லை. அவர்களை நாம் குறை கூறவும் இல்லை. ஆனால் ரத்தத்தின் தூய்மையையும் குலத்தின் தொன்மையையும் தேசியத்தின் அஸ்திவாரமாக இன்றும் நாட்ட முயல்வோர், எந்தப் பிரையனைச் சாட்சிக்கு அழைக்கிறார்களோ அவனே அவர்களுக்கு எதிர்ச் சாட்சி.

வம்சத்தின் பின்வரலாறும் கருதத்தக்கது. பிரையனின் மகன் டானகா 1023-இல் தன் சகோதரன் டைகைக் கொல்லச் செய்தான். அந்த டைகின் மகனே பின்னர்ச் சிற்றப்பனை வென்று ஆட்சியைப் பெற்றான். டானகா ரோமாபுரிக்கு யாத்திரை சென்று 1064-இல் அங்கேயே இறந்தான். டைகின் வழியினர் பிரையன் பேரால் ஓ பிரையன் என வழங்கலாயினர். 1543-இல் அவ்வழித்தோன்றலான மரோ ஓ பிரையன், இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியிடம் தன் அரசுரிமையை ஒப்படைத்துவிட்டு, தாமண்ட் பிரபு என்னும் பட்டத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டான். அந்நாளில் அவன் குலத்தின் உயர்வைச் சந்தேகித்தவர் ஒருவரும் இல்லை.