‘எப்ப வேணாலும் படிக்கலாம்’னு சொல்றவங்களுக்கு, ஆவடியிலிருந்து ஒரு டாக்டர்

1/ ஆவடியில கிளினிக் வெச்சிருக்கேன். வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல டிகிரி படிக்கிறவங்க இப்ப நிறைய பேர் வர்றாங்க. படிப்புக்காக வரல, தலைவலின்னு வர்றாங்க. அதைப் பத்தி கொஞ்சம் கோபமாவே எழுதப் போறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ 38 வயசு அம்மா ஒருத்தங்க. (அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன்.) அம்பத்தூர் எஸ்டேட்ல பேக்கிங் வேலை. பிபி 150/96. "உப்பைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு ரெண்டு தடவை அனுப்பிட்டேன். மூணாவது தடவைதான் எவ்வளவு நேரம் தூங்குறீங்கன்னு கேட்டேன். "நாலு மணி நேரம் டாக்டர்." முதல் நாளே கேட்டிருக்கணும், என் தப்பு.

3/ ஏன்னு கேட்டா தயங்கினாங்க. "பி.காம் படிக்கிறேன் டாக்டர். இந்த வயசுலயான்னு சிரிப்பீங்கன்னுதான் சொல்லல." இவங்க வேலை கத்துக்கொடுத்த பொண்ணு, டிகிரி இருக்கிறதால சூப்பர்வைசர் ஆயிடுச்சு. இவங்க 14 வருஷமா அதே டேபிள்ல.

4/ சிரிக்கிறவங்களுக்கு முதல்ல பதில். யுஜிசி அங்கீகாரம் உள்ள ஆன்லைன், தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பர்ல யுஜிசி இதை மறுபடியும் தெளிவா சொல்லிடுச்சு. ஐஐடி மெட்ராஸே 2020ல ஆன்லைன்ல டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு தொடங்கிச்சு. வயசு வரம்பு கிடையாது, பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும்.

5/ நாங்க டாக்டர்களும் ராத்திரி ஜூம்ல உட்கார்ந்து தொடர் மருத்துவக் கல்வி வகுப்பு கேக்கிறோம். எங்களை யாரும் "தபால்ல படிச்ச டாக்டரா?"ன்னு கேக்கிறதில்ல. பேக்கிங் வேலை செய்றவங்க படிச்சா மட்டும் என்ன நக்கல்?

6/ பலன் நிஜம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கே மின்சார ரயில்ல முக்கால் மணி நேரம் ஆகும். ரெண்டு குழந்தை, ஷிப்ட் வேலை இருக்கிறவங்க தினம் காலேஜுக்குப் போயிட்டு வரவே முடியாது. கல்யாணம் ஆகி படிப்பை விட்டவங்களுக்கு இது இல்லன்னா வேற வழியே இல்ல.

7/ ஆனா விளம்பரம் என்ன சொல்லுது? "எப்ப வேணாலும், எங்க வேணாலும் படிக்கலாம்." எங்க வேணாலும், சரி. எப்ப? காலைல 5 மணிக்கு சமையல், 7 மணிக்கு கம்பெனி பஸ், சாயந்திரம் 6 மணிக்கு வீடு, 10 மணி வரைக்கும் வீட்டு வேலை. மிச்சம் இருக்கிறது தூக்கம் மட்டும்தான். அதுல இருந்துதான் எடுக்கிறாங்க.

8/ டாக்டரா சொல்றேன். பெரியவங்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேணும். பகல்ல படிச்சதை மூளை பதிய வைக்கிறதுல தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராத்திரி 2 மணி வரைக்கும் கண் முழிச்சுப் படிச்சா பாதி மண்டையில நிக்காது. தூக்கம் தொடர்ந்து குறைஞ்சா பிபி, சுகர் வர்ற வாய்ப்பும் கூடும். அதனால "நேரம் இல்லங்கிறது சாக்கு"ன்னு மோட்டிவேஷன் பேசுறவங்க தயவுசெஞ்சு வாயை மூடுங்க.

9/ இது மன உறுதிப் பிரச்சினை இல்ல, நேரப் பிரச்சினை. அந்த நேரத்தை அவங்களால தனியா உருவாக்க முடியாது. சுத்தி இருக்கிறவங்கதான் கொடுக்கணும்.

10/ கம்பெனிகளே, சூப்பர்வைசர் ஆகணும்னா டிகிரி வேணும்னு விதி போடுறது நீங்க. அப்ப பரீட்சை நாளுக்குச் சம்பளத்தோட லீவு கொடுங்க. அந்த வாரம் நைட் ஷிப்ட் போடாதீங்க. வருஷத்துக்குச் சில நாள்தான்.

11/ வீட்டு ஆம்பளைங்களே, "என் பொண்டாட்டி படிக்கிறா"ன்னு ஸ்டேட்டஸ் போட்டா பத்தாது. ராத்திரி பாத்திரத்தை நீங்க தேய்ங்க. ஒன்பது மணிக்கு அவங்க புத்தகத்தைத் திறந்தா பதினொண்ணுக்குள்ள தூங்கப் போயிடலாம். நான் எழுதுற மாத்திரையை விட அது நல்லா வேலை செய்யும்.

12/ சேரப் போறவங்களுக்கு மூணு எச்சரிக்கை.
ஒண்ணு: யுஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்துல பல்கலைக்கழகம், படிப்பு ரெண்டும் இருக்கான்னு பாருங்க. பணத்தை ஏஜெண்ட் கையில கொடுக்காதீங்க, பல்கலைக்கழகத்துக்கு நேரடியா கட்டுங்க.

13/ ரெண்டு: "பிளஸ் டூ வேண்டாம், நேரா டிகிரி"ன்னு சொன்னா ஓடிடுங்க. பத்தாவது, பிளஸ் டூ முடிக்காம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்கின பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 2009லயே அரசாணை 107 வந்தாச்சு. முதல்ல தனித்தேர்வரா பிளஸ் டூ எழுதுங்க. தாமதம் ஆனாலும் பட்டம் நிக்கும்.

14/ மூணு: நர்சிங், பிசியோதெரபி, ஃபார்மசி டிகிரி ஆன்லைன்ல கிடையாது. சைக்காலஜி, ஊட்டச்சத்துப் படிப்புகளையும் 2025 சேர்க்கையிலிருந்து யுஜிசி நிறுத்தச் சொல்லிடுச்சு. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கத்துக்க வேண்டிய வேலையை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியாது. யாராவது வித்தா அது மோசடி.

15/ அந்த அம்மாவுக்கு மாத்திரையோட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன்: "ராத்திரி 11 மணிக்கு மேல படிக்கக் கூடாது. வீட்டு வேலையை மத்தவங்க பிரிச்சுக்கணும்." வீட்டுல காட்டுங்க, டாக்டர் கண்டிப்பா சொன்னார்னு சொல்லுங்கன்னேன். சிரிச்சுட்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க எழுதினா கேப்பாங்க"ன்னாங்க.

16/ எனக்கு அந்தச் சிரிப்புல சந்தோஷம் வரல. ரெண்டு மணி நேரம் படிக்க ஒரு பொம்பளைக்கு டாக்டர் சீட்டு தேவைப்படுது. உங்க வீட்டுலயோ உங்க கம்பெனியிலயோ இப்படி ஒருத்தர் இருந்தா, சீட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே கேளுங்க: "எந்த நேரம் உனக்கு வேணும்?"