பழைய ரவுட்டருக்கும் ஒரு கொல்லைவாசல் உண்டு

மத்தளம்பாறையில் சோஹோ வந்தபிறகு தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. ஆனாலும் ஒரு பழைய வித்தையை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆபீஸ், பள்ளிக்கூடம், குற்றாலத்து லாட்ஜ் என்று எங்கும் நெட்டைப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர்தான். பெரிய ரவுட்டர்களின் முதுகில் ‘கன்சோல்’ என்று எழுதிய துளை இருக்கும். நெட் அடியோடு நின்றாலும் அந்தத் துளை வழியாக ரவுட்டரோடு பேசலாம். முன்வாசல் பூட்டிக்கொண்டால் கொல்லைவாசல் வழியாகப் போவதில்லையா, அதுபோலத்தான்.

அதில் பேசும் முறை சீரியல். ஆர்.எஸ்.232 என்ற அதன் இலக்கணம் 1960-ல் வந்தது. சென்னையில் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொடங்கியதும் அதே வருஷம்தான். இன்றைய லேப்டாப்பில் அந்த 9 முள் சாக்கெட் கிடையாது. அதற்குத்தான் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர். விலை சில நூறு ரூபாய்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகியதும் அதற்கு ‘டிடிஒய் யுஎஸ்பி 0’ என்று பெயர் விழும். டிடிஒய் என்றால் டெலிடைப். தந்தி ஆபீசில் தடதடவென்று அடித்ததே, அந்த மிஷின்தான்! தந்தி 2013 ஜூலையில் நின்றது. பெயர் இன்னும் லினக்ஸுக்குள் இருக்கிறது. உபுண்டு போன்றவற்றில் நம் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு, ‘ஸ்க்ரீன்’ என்ற புரோகிராமை 9600 வேகத்தில் திறந்து என்டர் தட்டினால் ரவுட்டர் பதில் சொல்லும். 50 பாட் டெலிபிரிண்டர் விநாடிக்கு ஆறேழு எழுத்து அடிக்கும். இதில் 960 எழுத்து.

லினக்ஸ் ஏன் என்றால், 2014-ல் எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனி விண்டோஸுக்கு விட்ட டிரைவர், போலி சிப் இருந்த கன்வெர்ட்டர்களைச் செயலிழக்க வைத்தது. போலியைச் செய்தவன் தப்பிக்க, தெரியாமல் வாங்கியவன் மாட்டிக்கொண்டான். லினக்ஸில் டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. எல்லோரும் பிரித்துப் பார்க்கலாம்.

“இப்படி யாரும் நுழையலாம் என்றால் ஆபத்து இல்லையா?” என்பார்கள். நியாயமான கேள்வி. பல சிஸ்கோ ரவுட்டர்களில் பவர் போட்ட முதல் 60 விநாடிக்குள் பிரேக் கீயை அழுத்தினால், பழைய பாஸ்வேர்டு தெரியாமலே புதியது போட்டுவிடலாம். ஆனால் ஆள் நேரில் போய் வயரைச் செருகவேண்டும். ஆகவே ரவுட்டர் இருக்கிற அறையைப் பூட்டி வையுங்கள், போதும்.

பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதற்காக நல்ல ரவுட்டரைக் காயலான் கடைக்குப் போடுவது அநியாயம். காசு கொடுத்து வாங்கிய பொருளை நாமே திறந்து சரிசெய்ய ஒரு வழி இருக்கவேண்டும். உங்கள் கமிட்டியிலோ பள்ளியிலோ அப்படி ஒன்று தூசி படிந்து கிடந்தால், தூக்கிப் போடாமல் பக்கத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரு கன்வெர்ட்டரும் வாங்கிக் கொடுங்கள். மிஷினும் பிழைக்கும், பிள்ளைகளும் தொழில் கற்றுக்கொள்வார்கள்.