உளியை ஒளித்து வைக்கும் கல்வி

கல்வி என்றால் ஏடும் எழுதுகோலுமே என்னும் எண்ணம் மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளை இன்னும் விட்டு நீங்கவில்லை. ஓவியப் பாடவேளையைக் கணிதப் பயிற்சி விழுங்கிவிடுகிறது. பாடத்திட்டத்தில் அச்சுக்கலைக்கு இடம் உண்டு. ஆயினும் வெண்டைக்காயை நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, தாளில் பதிப்பதோடு அது முடிந்துபோகிறது. முதலாம் ஆண்டு மாணவனுக்கு அது போதும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் அதே வெண்டைக்காய்தானா? பலகையில் செதுக்கி அச்செடுக்கும் மரச்செதுக்குக் கலையின் அடிப்படையை அவன் கற்க வேண்டாமா?

முன்பெல்லாம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினர். 1988இல் தொடங்கிய அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, சாக்கு மட்டும் போகவில்லை.

மரச்செதுக்கு அச்சு அயலார் கலை என்பது இப்போது எழும் முதல் வாதம். மலாக்காவில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது வியப்புக்குரியது. 1815ஆம் ஆண்டு வில்லியம் மில்ன் என்னும் சமயப் பணியாளர் மலாக்காவில் வந்திறங்கியபோது, லியாங் ஃபா என்ற சீன மரச்செதுக்குக் கைவினைஞரையும் உடன் அழைத்து வந்தார். அவ்வாண்டே மரப்பலகைகளில் செதுக்கப்பட்ட ஒரு சீன மாத இதழ் இந்நகரிலிருந்து வெளிவந்தது. நவீனச் சீன இதழியலின் வரலாற்றை எழுதுவோர் மலாக்காவிலிருந்தே தொடங்குவர். பின்னர் அதே அச்சகச் சூழலில் தொழில் பழகியவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் மணம் செய்துகொண்ட அரபியர் ஒருவரின் கொள்ளுப்பேரரான அவர், சிறுவயதில் மலாக்காவிலேயே தமிழ் கற்றதைத் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.

தமிழுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ் – போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. அதற்கான தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னேசியஸ் ஆச்சாமணி. அச்சேறிய முதல் தமிழ் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது என மேடைதோறும் முழங்குகிறவர்கள், எழுத்தைச் செதுக்கிய கைகளை நினைப்பதில்லை. பெருமை பேசுவதற்கு மட்டும் அச்சு வேண்டும். பிள்ளைகள் பழகுவதற்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

தமிழாசிரியருக்கு இக்கலையால் ஆவது என்ன என்று கேட்போர் அதன் அடிப்படையைச் சற்றே நோக்க வேண்டும். பலகையில் மேடாக நிற்பதே மையை ஏற்கும்; தோண்டப்பட்ட பள்ளம் தாளில் வெண்மையாகும். வலம் இடமாகும், ஆதலால் எழுத்தை மாற்றித் திருப்பிச் செதுக்க வேண்டும். எழுதிய மெல்லிய தாளைப் பலகையின்மேல் குப்புற ஒட்டி, தெரியும் கோட்டை விட்டு மற்றதை அகற்றுவது சீனர் முறை. முதலில் கத்தியால் கோட்டின் இரு கரைகளையும் கீற வேண்டும்; பிறகே குழியுளியால் நடுவெளியை வாரி எடுக்க வேண்டும். மரத்தின் இழையோட்டத்தை மதியாமல் உளியைத் தள்ளினால் பலகை பிளக்கும். உருளையால் மையை மெல்லிதாகப் பரப்பி, தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் சீராகத் தேய்த்தால் அச்சு விழும். பேரியந்திரம் எதுவும் தேவையில்லை.

இப்போது ஒரு மாணவன் மூன்று சுழி ணகரத்தைச் செதுக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுழியின் உள்வெளியையும் தனித்தனியே தோண்டி, சுற்றியுள்ள கோட்டை உடையாமல் காக்க வேண்டும். இரண்டு சுழியில் நிறுத்திவிட்டால் அது னகரம் என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்லும். நூறு முறை எழுதச் சொல்லித் தண்டிப்பதைவிட இது மேலான எழுத்துப் பயிற்சி அன்றோ?

ஆசிரியருக்கே தெரியாததை எப்படிக் கற்பிப்பது என்பது அடுத்த வாதம். 1931 ஆகஸ்டில் ஷாங்காய் நகரில் எழுத்தாளர் லூ சுன், ஜப்பானிய ஓவிய ஆசிரியர் உச்சியாமா காகிச்சியைக் கொண்டு இளைஞர் பதின்மூவருக்கு மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். மொழிபெயர்ப்பாளராகத் தாமே நின்றார். வகுப்பு நடந்தது ஆறே நாள். சீனத்தின் புதிய மரச்செதுக்கு இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. பள்ளி விடுமுறையில் ஆறு நாள் ஒதுக்க முடியாதவர் தமிழாசிரியர் என்று யார் சொல்ல முடியும்?

ஆபத்து என்பது மூன்றாவது வாதம். இது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆகவே கீழ்வகுப்பு மாணவரிடம் உளியைக் கொடுக்கலாகாது. அவர்களுக்கு மென்மையான அழிப்பானும் நுரைத்தட்டும் போதும். நான்காம் ஆண்டுக்குமேல், பலகை நகராதவாறு மேசையில் தடுப்புக்கட்டை வைத்து, இடக்கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னே இருக்கும்படி பழக்கினால் காயத்துக்கு இடம் குறையும். ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் கற்கிறார்கள். செலவும் பெரிதன்று. இந்நாட்டுக் காடுகளில் வளரும் ஜெலுத்தோங் மரம் மென்மையும் சீரான இழையும் கொண்டது, செதுக்குவதற்கு ஏற்றது. சபாவின் ரானாவில் 2010இல் தோன்றிய பங்ரோக் சூலாப் குழுவினர் பெரும்பலகைகளைச் செதுக்கி, துணியை விரித்து, அதன்மேல் நடனமாடியே அச்செடுக்கிறார்கள். இல்லாமை அவர்களைத் தடுக்கவில்லை.

எஞ்சி நிற்பது, வெளியே சொல்லப்படாத நான்காவது வாதம். உண்மையான தடை அதுவே. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெற்றோர், கத்தி பிடித்த தலைமுறை தம்மோடு ஒழியட்டும் என்று விரும்புகின்றனர். அந்த வேதனைக்கு மதிப்பளிக்க வேண்டும். ஆனால் அதிலிருந்து கைத்தொழில் இழிவு என்னும் முடிவுக்கு வருவது தவறு. பால்மரம் சீவுவது எளிய வேலையா? கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும். சற்று மேலோடினால் பால் குறையும். விடியுமுன் விளக்கொளியில் மயிரிழை அளவறிந்து பட்டையைச் சீவிய அந்தக் கைகள் தேர்ந்த கைவினைஞரின் கைகள். கூலி மலிவாக இருந்தது; திறன் மலிவாக இருக்கவில்லை. அத்திறனுக்குக் கலை என்ற பெயரை எவரும் சூட்டவில்லை என்பதே அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. பேரப்பிள்ளையின் கையிலிருந்து உளியைப் பறிப்பதால் அவ்வநீதி தீராது. அவன் தன் எழுத்தைச் செதுக்கித் தன் பெயரிட்டு அச்செடுக்கும் நாளில்தான் தீரத் தொடங்கும்.

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகள் ஒன்றைச் செய்யட்டும். அடுத்த ஆண்டு மலரின் அட்டைக்குக் கடையில் படம் வாங்காமல், ஆறாம் ஆண்டு மாணவர் செதுக்கிய பலகையிலிருந்து அச்செடுக்கட்டும். கோடு கோணலாக இருக்கலாம். ஒரு சுழி உடைந்தும் போகலாம். ஆயினும் அது அப்பள்ளிப் பிள்ளைகளின் கை பதித்த தமிழாக இருக்கும். அதற்கு வேண்டிய பாடவேளையை ஆசிரியர்கள் முதலில் திருப்பித் தரட்டும்.