எரிந்த வாளும் எழிலுருவும்

கொல்லுங் கருவிக்கு எழிலுரு அளித்தல் போரைப் புகழ்தலேயாம் என்பார் உளர். அக்கூற்று முற்றும் ஏற்புடைத்தன்று. ஜப்பானியத் தலைவன் தாதே மசமுனே, விளக்குத்தண்டின் பின் ஒளித்த ஏவலனைத் தண்டொடு வெட்டினான் என்பது கதை. அதனால் 'ஷொக்குதாய்கிரி' எனப் பெயர் பெற்ற வாள் 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத் தீயிற் கருகிற்று. 2015-இல் தோன்றிய 'தோக்கென் ரன்பு' என்னுங் கணினி விளையாட்டும், 2016 முதல் வந்த அதன் சித்திரப்படங்களும் அதனை இனிய இளைஞனாக்கின. அன்பர் பலர் வினவவே, மிட்டோ நகரத்துத் தொக்குகாவா பொருட்காட்சிச்சாலை அக்கரிய இரும்பை 2015-இல் மக்கள் காண வைத்தது. பதமிழந்து வெட்டவியலாத வாளிற் கண்டோர் கண்டது வெற்றியன்று, இழப்பே. மறந்த பொருளை நினைப்பிக்குங் கற்பனையை இகழ்தல் முறையோ? ஆயினும் ஒன்று: இளைஞனுருவை விரும்புவோர், வெட்டுண்ட ஏவலனையும் நினைதல் வேண்டும். வாளின் பெயரே அதற்குச் சான்றன்றோ?